இறங்கும் எடை

மூன்றாவது தடவையும் அம்மா போனை எடுக்கவில்லை. முழுக்க அடித்து அடங்கியது. நான் மெக்கானிக் கொட்டகையில் நோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றேன். மெக்கானிக் யாருடைய வேனுக்கோ அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்களும் ஒரு ஸ்பேனரும்தான்.

"சித்தப்பா, வெளிய வாங்க."

"இந்த ஒரு போல்ட்டு பாப்பா. முடிச்சிட்டு வந்துடறேன்."

"அப்பாவும் அம்மாவும் மலையில இருந்து இறங்கிட்டு இருக்காங்க. நான் போட்ட கணக்கு தப்பு."

"கணக்குதானே. ரப்பர் வச்சு அழி."

"டேங்க் நிறைஞ்சிருக்கு சித்தப்பா. டிரெய்லர் இப்ப மூவாயிரம் கிலோ. நான் ஆயிரத்து ஐநூறுன்னு எழுதியிருக்கேன்."

கால்கள் அசையவில்லை. பிறகு அவர் படுத்திருந்த பலகை சக்கரம் கிறீச்சிட வெளியே வந்தது. கையைத் துடைக்காமலே நோட்டை வாங்கினார். கட்டைவிரல் எண்ணெய் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார்.

"பிரேக் பேடு பாதிதான் இருந்துச்சு," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

எங்கள் தொழிலைச் சொன்னால்தான் இது புரியும். நாங்கள் வாடகைக்கு விடுவது கழிப்பறை. நாலு கதவு வைத்த ஒரு டிரெய்லர். முன்பக்கம் நல்ல தண்ணீர்த் தொட்டி, அடியில் ஆயிரத்து ஐநூறு லிட்டர் கழிவுத் தொட்டி. எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே அப்பா அதை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார். அம்மா கையுறை போட்டுக்கொண்டு மணிக்கு ஒரு தடவை நாலு கதவையும் திறந்து கழுவுவாள். கூட்டம் கலைந்ததும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இழுத்துப் போய், குழாயை மாட்டி, வால்வைத் திறந்தால் எட்டு நிமிஷத்தில் தொட்டி காலியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் நாலு கதவு. அப்பாவிடம் ஒரு தடவை அழுதுகொண்டே சொன்னேன். "அஞ்சாவது கதவு வைக்கிறப்ப பேரை மாத்திக்கச் சொல்லு," என்றார்.

அப்பாவுக்கு அந்தத் தொழிலில் ஒரு கர்வம் உண்டு. பதினோரு வருஷத்தில் ஒரு சொட்டு வெளியே விட்டதில்லை. மற்றவர்கள் இருட்டில் ஏதாவது பள்ளத்தைப் பார்த்துத் திறந்துவிட்டுப் போவார்கள். அப்பா வரிசையில் நிற்பார். நிலையத்தில் கேட் திறக்கிறவர் அவரைப் பார்த்ததும், "சொட்டு விடாதவர் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா," என்பாராம். அதை அப்பா வீட்டுக்கு வந்து மூன்று தடவையாவது சொல்லிவிடுவார்.

டிரெய்லரை இழுப்பது பதினெட்டு வருஷத்துப் பழைய டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு அங்கே குழாய்ச் சுருளும் பினாயில் கேன்களும் வைத்திருக்கிறோம். வண்டிக்கு வீட்டில் பெரியவர் என்று பெயர். பெரியவர் சமதரையில் எதையும் இழுப்பார், நிதானமாக. மேடு என்றால் மட்டும் ஆகாது.

போன மாதம் மலையிலிருந்து ஆர்டர் வந்தது. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் கட்டுகிறார்கள். அறுபது ஆள் வேலை செய்கிறார்கள், ஐந்து நாளைக்கு நாலு கதவும் வேண்டும். மலையில் எதையும் கொட்டக் கூடாது, கழிவை நீங்களே கீழே கொண்டுபோக வேண்டும் என்று மேற்பார்வையாளர் போனில் சொன்னார்.

"அது ஒரு விஷயமே இல்ல சார். என் வண்டி எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துடும்," என்றார் அப்பா.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். "ஏங்க, பெரியவரு பாலம் ஏறவே மூச்சு வாங்குறாரு. மலை எப்படி ஏறுவாரு?"

"ஏத்திடலாம்."

"யாரு, நீங்களா? போன வாரம் பாலத்துல சைக்கிள்ல போனவரு நின்னு, தள்ளணுமான்னு கேட்டுட்டுப் போனாரு."

"அவரு நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். மலையில சைக்கிள் வராது."

அப்படித்தான் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுவந்தோம். ஊரில் அவருக்கு அரைக்கண் என்று பெயர். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்ஜின் சத்தம் கேட்கும்போது ஒன்றை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். இரண்டும் திறந்திருந்தால் காது சரியாகக் கேட்காது என்பார். அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்குச் சித்தப்பா.

மூன்று நாள் வேலை. மழை விட்டு விட்டுப் பெய்தது. கொட்டகையின் தகரக் கூரையில் அது விழும்போது யாரும் பேச முடியாது. அவர் சத்தம் கேட்பதற்காக மழை நிற்கும்வரை காத்திருந்தோம். நின்றதும் அப்பா ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"அண்ணே, பெரியவருக்கு வயசாகல. மூச்சு முட்டுது. அவ்வளவுதான்."

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

டர்போவில் அமுக்கிய காற்று இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய், மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. உள்ளே போக வேண்டிய காற்றில் பாதி வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் நாங்கள் இத்தனை வருஷமாகப் பெரியவரின் விசில் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காற்று வடிகட்டியைத் தரையில் தட்டினார். ஒரு முழுப் பட்டாம்பூச்சியும் நிறைய மண்ணும் விழுந்தன. காற்று நுழைகிற அலுமினியக் கூட்டைக் கழற்றியபோது உள்ளே புகைக்கரி தாராகப் படிந்து, ஓட்டை என் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அம்மா ஒரு பழைய கரண்டியை எடுத்துக்கொண்டு அதைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டாள். அரை டப்பா கரி வந்தது.

"நான் தினம் நாலு கதவு கழுவுறேன். நீங்க பதினோரு வருஷத்துல இந்த ஒரு குழாயக் கழுவல," என்றாள்.

"அது உள்ள இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவுக்கு உள்ள இருக்கிறதும் எனக்குத் தெரியாதுதான். திறந்து பாக்குறேன்ல."

மெக்கானிக் சிரித்ததில் கையிலிருந்த கிளிப் எகிறிப் போய்விட்டது. அரைமணி நேரம் எல்லோரும் குனிந்து அதைத் தேடினோம். என் காலடியில்தான் கிடந்தது.

டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பினார். ஒன்று சொட்டுகிறது என்று திரும்பி வந்தது, மாற்றினார். நசுங்கியிருந்த புகைக்குழாயை வெட்டி நேராக்கினார். கிளட்ச் தட்டு புதிது. ரேடியேட்டரைக் கழற்றி, வெளியே குழாயடியில் வைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினார். மதியம் அம்மா கொண்டுவந்த சோறும் முட்டைப் பொரியலும். தாளை விரித்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விரலில் இருந்த டீசல் வாசனை எவ்வளவு சோப்புப் போட்டும் போகவில்லை. சோற்றிலும் கொஞ்சம் இருந்தது.

பக்கத்துக் கடையில் லேப்டாப்பை மாட்டி இன்ஜின் கம்ப்யூட்டரில் எழுதி மாற்றுகிற ஒருவர் உண்டு. முப்பது குதிரைச் சக்தி கூடும் என்று வந்து நின்றார். அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது.

"வேணாம்ணே," என்றார் மெக்கானிக். "வயசானவருக்கு ஒரு காபி கொடுக்கலாம். சாராயம் ஊத்தி ஆட விடக் கூடாது."

மூன்றாவது நாள் எல்லாம் மாட்டியாயிற்று. பாலத்துக்குப் போய் ஏற்றிப் பார்த்தார்கள். முன்னைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது, ஆனால் நடுவில் ஒரு இடத்தில் இன்னும் திணறியது. மெக்கானிக் இரண்டு தடவை கண்ணை மூடிப் பார்த்தார், பிடிபடவில்லை.

நான்தான் சக்கரத்தைப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று பெரிய டயர் மாட்டியிருந்தார். பழைய டயர் எழுபது சென்டிமீட்டர் உயரம். புதியது எழுபத்தாறு. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, அதனால் இழுக்கிற பலம் குறைகிறது. நோட்டில் வகுத்துக் காட்டினேன். நூற்றுக்கு எட்டு.

"எட்டு குதிரையா?" என்றார் அப்பா.

"நூத்துல எட்டு பங்குப்பா. சும்மா டயர்லயே போகுது."

மெக்கானிக் என் நோட்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அண்ணே, இத்தனை நாளா பெரியவருக்கு ஹீல்ஸ் செருப்பு மாட்டி மூட்டை தூக்க விட்டிருக்கீங்க."

பழைய அளவுக்கு மாற்றினோம். பெரியவர் பாலத்தை மூன்றாவது கியரில் ஏறினார். மேலே போய் நிறுத்தி அப்பா கீழே இறங்கி, வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும், "பாப்பா கணக்குப் போடட்டும்," என்று ஆகிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து எடைக் கணக்குப் போட்டேன். டிரெய்லர் வெறுமையாக ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. படிக்கட்டு, குழாய், சாமான்கள் நூற்று ஐம்பது. நல்ல தண்ணீர் மேலே லாரியில் வரும், அதனால் பூஜ்யம். கழிவு, பூஜ்யம். மொத்தம் ஆயிரத்து ஐநூறு. அடியில் இரண்டு கோடு போட்டேன். பெரியவர் தாராளமாக இழுப்பார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இறங்குறப்ப?"

"இறங்குறதுக்கு எதுக்குடி பவர்?" என்றார் அப்பா. "விட்டா தானா வரும்."

நானும் சிரித்தேன். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியிருந்தபோதே பிரேக்கைப் பார்த்திருந்தார். பேடு பாதி தேய்ந்திருக்கிறது, ஓடும் என்றார். மாற்றிவிடலாமா என்று அம்மா கேட்டாள்.

"மாத்தலாம் அண்ணி. ஆனா பிரேக்குல பவர் வராது."

அதற்கும் எல்லோரும் சிரித்தோம். சமதரையில் நிறைந்த தொட்டியோடு பதினோரு வருஷம் ஓட்டியவர் அப்பா. தொட்டி நிறைந்தால் எடை கூடும் என்பது அவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியைத் தவிர, மலை என்றதும் எங்கள் நாலு பேருக்கும் ஏறுவது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. நாங்கள் மேலே கொண்டுபோவது காலித் தொட்டி, கீழே கொண்டுவருவதுதான் சுமை. வேறு எந்த வண்டிக்காரருக்கும் இந்தத் தப்பு வராது என்று நினைக்கிறேன். அவர்கள் சுமையை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருகிறவர்கள்.

ஏறியது பிரமாதமாக நடந்தது. அம்மா மேலேயிருந்து பேசினாள்.

"ரெண்டாவது கியர்லயே ஏறிட்டாருடி. சூடு காட்டுற முள்ளு நடுவ விட்டு அசையல. உங்கப்பா பாட்டு வேற பாடிட்டு வந்தாரு, அதுதான் தாங்கல."

ஐந்து நாள் அங்கே தகரக் கொட்டகையில் தங்கினார்கள். காற்று கதவைப் பிய்க்கிறது, துணி காயவில்லை, அறுபது பேரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள் என்று தினம் ஒரு செய்தி. நான் வீட்டில் தனியாகப் படித்துக்கொண்டு, அவர்கள் செய்துவைத்துப் போன ஊறுகாயோடு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். இன்று காலை அம்மா பேசினாள்.

"டேங்க் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. சிவப்பு விளக்கு எரியுது. சாப்பிட்டுட்டுக் கிளம்பிடறோம்."

சரி என்று வைத்துவிட்டேன். மதியம் அடுத்த வாடகைத் தேதியை எழுதுவதற்காக அதே நோட்டைத் திறந்தேன். கழிவு, பூஜ்யம். என் கையெழுத்து. அடியில் அழகாக இரண்டு கோடு.

கொட்டகை வரைக்கும் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாலாவது தடவை அம்மா எடுத்தாள். எடுத்ததுமே பின்னால் ஒரு முனகல் சத்தம். மெக்கானிக் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, வேனின் பானட் மேல் வைத்தார்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"பாதி மலை வந்திருக்கும். ஏங்க, மெக்கானிக் தம்பிதான் பேசுறாரு. ஏதோ கருகுற வாசனை வருது தம்பி. ரப்பர் மாதிரி இல்ல, வேற மாதிரி."

"எந்தக் கியர்ல வர்றாரு?"

அப்பாவின் குரல் தள்ளி இருந்து கேட்டது. "மூணு. பின்னால இருந்து தள்ளுதுப்பா. என்ன மிதிச்சாலும் தள்ளுது."

மெக்கானிக் கண்ணை மூடினார். இந்தத் தடவை இரண்டு கண்ணையும். "அண்ணே, ரெண்டுக்கு இறக்க முடியுமா?"

"இந்த வேகத்துல விழாது."

"பெடல் எப்படி இருக்கு?"

"ஆழமாப் போகுது. பஞ்சு மாதிரி."

"பிரேக் ஆயில் கொதிச்சிடுச்சு. அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. மலைப் பக்கமா மண்மேடு இருக்கா? பள்ளத்துப் பக்கம் பாக்காதீங்க. மண்ணுல உரசுங்க. கதவு போனா போகட்டும். டிரெய்லர் சக்கரத்த ஓரச் சாக்கடையில விடுங்க."

"தம்பி, சாக்கடை..."

"விடுங்கண்ணே."

பிறகு வார்த்தை எதுவும் இல்லை. தகரம் இழுபடுகிற சத்தம், அம்மா ஏதோ ஒரு எழுத்தை நீட்டிச் சொல்வது, ஒரு பெரிய இடி. அப்புறம் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம். மெக்கானிக் பானட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ ஐஸ் வேண்டுமா என்று மணி அடித்துப் போனார்கள்.

"நின்னுடுச்சு," என்றாள் அம்மா.

 டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன்.

நின்றுவிட்டதே தவிர நிலைக்கவில்லை. ஒரு வளைவின் நடுவில், மண்மேட்டில் ஒட்டிக்கொண்டு, மூக்குக் கீழே பார்க்க நின்றது. முந்தின நாள் மழையில் ஓரம் எல்லாம் ஈரச் சரளை. அம்மா இறங்கிக் கல் தேடிச் சக்கரத்தடியில் வைத்தாள். கைப்பிரேக் பிடிக்கவில்லை, அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"கல்லு நகருதுங்க," என்றாள் அம்மா. "நான் வைக்க வைக்க நகருது."

"பெருசா வைம்மா."

"இதவிடப் பெருசு என்னால தூக்க முடியல."

"சித்தப்பா, கொக்கியக் கழட்டிட்டா?" என்றேன்.

"கழட்டினா டிரெய்லர் ஓடிடும். கழட்டுறவங்க மேலதான் ஏறும்." அவர் தாடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். "எடை பாப்பா. எடைதான். மூணு டன்ன அந்தச் சரளை பிடிக்காது."

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான்தான் போன் பக்கம் குனிந்தேன்.

"அம்மா, வால்வத் திறந்து விடு."

"என்னடி?"

"கழிவு வால்வ. பின்பக்கம் சிவப்புக் கைப்பிடி. எட்டு நிமிஷத்துல பாதி எடை போயிடும்."

"பைத்தியமா உனக்கு? நான் நிக்கிற இடத்துல ஓடை போகுது. சத்தம் கேக்குது எனக்கு. கீழ வீடுங்க இருக்கு."

"அம்மா, கல்லு நகருதுன்னு நீதானே சொன்ன."

அப்பாவின் குரல் வந்தது. மெதுவாக, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "பாப்பா, பதினோரு வருஷம்டா."

"தெரியும்பா. திறக்கச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஓடைச் சத்தம் எனக்கே கேட்டது. அப்பாவால் இறங்க முடியாது, கால் பிரேக்கில் இருக்கிறது. பிறகு அம்மாவின் நடை சரளையில் பின்பக்கமாகப் போனது. கைப்பிடி திரும்புகிற சத்தத்தை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது கேட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தையும் நிலையத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அங்கே அது குழாய்க்குள் கேட்கும்.

எட்டு நிமிஷம் அது ஓடியது. மெக்கானிக் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிக்குது," என்றாள் அம்மா கடைசியில். "இப்ப கல்லு நகரல."

முக்கால் மணி நேரம் பிரேக்கை ஆறவிட்டு, முதல் கியரில், நடக்கிற வேகத்தில் இறங்கினார்கள். பெரியவர் வெறும் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக இறங்கினார். சாயங்காலம் கொட்டகைக்கு வந்தபோது இடது பக்கம் முழுக்க மண் அப்பியிருந்தது. கண்ணாடி இல்லை, மூன்றாம் எண் கதவு உள்வாங்கியிருந்தது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் தட்டு சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது.

"ஒரு வாரத்துல எல்லாத்தையும் புதுசாப் போட்டுடலாம்ணே. டிரெய்லர் பிரேக்கையும் சேத்து. முதல்லயே பண்ணியிருக்கணும்." பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார். "பாப்பா, நாளைக்கு யாராவது கேட்டா, நான் இன்ஜின் விஷயம் மட்டும்தான் பேசினேன். வால்வு பத்தி நான் எதுவும் சொல்லல. சொல்லலதானே?"

"சொல்லல சித்தப்பா."

"உசுரக் காப்பாத்தின. அத நினைச்சுக்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளிக்கப் போனாள். வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. கோபுரத்து மேற்பார்வையாளர். வேலை சுத்தமாக இருந்தது, அடுத்த மாதமும் இருபது நாள் வர முடியுமா என்று கேட்டார். அப்பா சரி சார், சரி சார் என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் கணக்குனாலதான் நாங்க வீடு வந்து சேந்தோம்," என்றார்.

கணக்கில் பூஜ்யம் போட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பூஜ்யம் அவருக்குத் தெரியுமா, தெரிந்தேதான் அப்படிச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் சாப்பிடவும் இல்லை.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என் படுக்கையில் படுத்ததில்லை.

"மலை அடிவாரத்துல முதல் வீட்டுல நிறுத்தினோம்டி. சக்கரத்துல இருந்து புகை வர்றதப் பாத்துட்டு ஒரு பொண்ணு ஓடி வந்துச்சு. உன்னவிட நாலஞ்சு வயசுதான் பெருசு இருக்கும். இடுப்புல ஒரு குழந்தை. குடிங்கக்கான்னு செம்புல தண்ணி கொண்டுவந்து கொடுத்துச்சு."

"குடிச்சியா?"

"உங்கப்பா கையில வாங்கிட்டு அப்படியே நின்னாரு. ஓடைத் தண்ணிதான் அக்கா, குழாய் போட்டு நேரா வீட்டுக்கே வருது, இனிப்பா இருக்கும்னு சொல்லுது. குழந்தை வேற அந்தச் செம்புக்குள்ள கையவிட்டு விளையாடுது."

"நீ ஏதாவது சொன்னியா?"

"என்னன்னு சொல்லுவேன்?"

"அப்பா?"

"அவரு குடிச்சாரு." அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மடமடன்னு முழுசும் குடிச்சாரு. நான் பாத்துட்டே நின்னேன்."

அவள் தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. மூச்சு சீராகத்தான் இருக்கிறது. விளக்கை அணைக்காமல் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து எழுதிப் பார்த்தேன். வளைவிலிருந்து அந்த வீட்டுக்கு ரோட்டில் ஆறு கிலோமீட்டர், ஓடை நேராக இறங்கினால் இரண்டு இருக்கலாம். ஆயிரத்து ஐநூறு லிட்டர். ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாது. வேகம் தெரியாது. குழாய் ஓடையில் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று தெரியாது. அவர்கள் அங்கே போய் நின்றபோது கழிவு அந்த வீட்டைத் தாண்டிப் போயிருந்ததா, இன்னும் வந்துகொண்டிருந்ததா என்று தெரியாது. அந்தப் பெண்ணின் போன் நம்பர் யாரிடமும் இல்லை. மேற்பார்வையாளரின் நம்பர் மட்டும் அப்பாவின் போனில் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னால் அப்பா இனிமேல் எந்த வரிசையிலும் நிற்க முடியாது.

தெரிந்த எண்களை வைத்து மூன்று தடவை போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு நேரம் வருகிறது. விடிந்ததும் அந்தப் பெண் குழாயைத் திறந்து குழந்தைக்குக் கொடுக்கப் போவது எந்தத் தண்ணீர்?